விளக்கை அணைப்பது போலன்று!

பட்ட வகுப்பில் இயற்பியல் பயில வரும் மாணவர்களுக்கு ஆய்வகத்தில் நாங்கள் சொல்லித்தரும் எச்சரிக்கைகளுள் ஒன்று, பெரிய மின்காந்தத்தை நிறுத்துவது பற்றியது. அதன் சுருளில் சில ஆம்பியர் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது சாவியைச் சட்டென்று திறந்துவிடக் கூடாது. மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துச் சுழிக்குக் கொண்டுவந்த பின்னரே சாவியைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் என்ன ஆகும்? சுருளைச் சுற்றியிருந்த காந்தப்புலம் திடீரெனச் சரியும். அச்சரிவு மிகுந்த மின்னழுத்தத்தைத் தூண்டும். சாவியின் முனைகளுக்கிடையே தீப்பொறி பறக்கும். கருவியும் பழுதாகலாம், கையும் சுடலாம்.

வீட்டு விளக்கை அணைக்கும்போது நமக்கு இந்தக் கவலை இல்லை. விளக்கு தன்னளவில் நிற்பது. மின்காந்தமோ தன்னைச் சுற்றிலும் ஒரு புலத்தை எழுப்பி வைத்திருப்பது. சுற்றுப்புறத்தோடு பிணைந்த ஒன்றைத் தொடங்குவதற்கும் நிறுத்துவதற்கும் முறை உண்டு.

கணிப்பொறி வலையமைப்புகளில் இதே பாடத்தை வேறு வடிவில் காணலாம். அங்கே நிறுத்தப்படுவது மின்னோட்டமன்று. கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஓர் ஒழுங்குமுறை. அதை முறைதவறிக் கையாண்டதால் ஒரு நாட்டின் பெரும்பகுதியே ஒரு நாள் முழுதும் பேச்சற்றுப் போனதுண்டு. அக்கதைக்கு வருமுன் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம்.

திசைவியும் அதன் பட்டியலும்

இணையத்தில் நீங்கள் அனுப்பும் படமோ செய்தியோ முழுதாகப் பயணம் செய்வதில்லை. 'பாக்கெட்' எனப்படும் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் முகப்பிலும் சேரவேண்டிய முகவரி இருக்கும். வழியில் உள்ள சந்திப்புகளில் ரவுட்டர் என்னும் கருவி நிற்கிறது. தமிழில் இதைத் திசைவி என்கிறோம். பொட்டலத்தின் முகவரியைப் படித்து, "நீ இந்தப் பக்கம் போ" என்று அடுத்த திசைவிக்கு அனுப்புவதே இதன் வேலை. அஞ்சல் பிரிப்பகத்தில் ஊர்ப்பெயரைப் பார்த்துக் கடிதங்களைப் பைகளில் போடுவது போன்றதுதான். ஆனால் இங்கே நொடிக்குப் பல இலட்சம் கடிதங்கள்!

எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்பதைத் திசைவி ஒரு வழிப்பட்டியலில் வைத்திருக்கிறது. இப்பட்டியலை மனிதர் கையால் எழுதி வைக்கலாம். ஆனால் நடுவில் ஒரு வடம் அறுந்தால், அதை உணர்ந்து பட்டியலைத் திருத்த ஆள் வேண்டுமே! ஆகவே திசைவிகளே தம்முள் பேசி, பட்டியலைத் தாமே எழுதிக்கொள்ளுமாறு செய்திருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கான விதிகளின் தொகுப்பே வழிச்செலுத்து நெறிமுறை.

இவ்வகை நெறிமுறைகளுள் ஒன்று ஓ.எஸ்.பி.எஃப். என்பது. 1989இல் வரையறுக்கப்பட்ட இது, பல நிறுவனங்களின் உள் வலையமைப்புகளில் இன்றும் பயன்படுகிறது. இதைப் பின்பற்றும் ஒவ்வொரு திசைவியும் தனக்கு யார் யார் அண்டை, அவர்களிடம் செல்ல எவ்வளவு செலவு என்று எல்லாருக்கும் அறிவிக்கும். இங்கே செலவு என்பது காசன்று. பாதை எவ்வளவு நல்லது என்பதைக் குறிக்கும் ஓர் எண். எண் சிறிதானால் பாதை நல்லது. இவ்வறிவிப்புகளைச் சேர்த்து ஒவ்வொரு திசைவியும் முழு வலையமைப்பின் வரைபடத்தையும் உருவாக்கிக்கொண்டு, மிகக் குறைந்த செலவுள்ள பாதையைக் கணக்கிடும். இதற்கான கணக்கு முறையை 1956இல் கண்டவர் டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. அவர் தம் வருங்கால மனைவியுடன் ஆம்ஸ்டர்டாமில் கடைவீதிக்குச் சென்று களைத்து, காப்பி அருந்த அமர்ந்தபோது ஏறக்குறைய இருபது நிமிடங்களில் மனத்திலேயே கண்டது அது!

பென்சிலும் தாளும் எடுங்கள்

ஒரு சிறு வலையமைப்பை வரைவோம். க, ச, த, ப என்று நான்கு திசைவிகள். க-வையும் ச-வையும் ஒரு கோட்டால் இணைத்து, அதன்மேல் 10 என்று எழுதுங்கள். ச-வையும் ப-வையும் இணைத்து 10 என்று எழுதுங்கள். க-வுக்கும் த-வுக்கும் இடையே 10. த-வுக்கும் ப-வுக்கும் இடையே 40. இவையே செலவெண்கள். ப-வின் பின்னால் ஒரு மருத்துவமனையின் கணிப்பொறிகள் இருப்பதாகக் கொள்வோம்.

க-விலிருந்து மருத்துவமனைக்கு இரு பாதைகள். ச-வின் வழியே சென்றால் 10 + 10 = 20. த-வின் வழியே சென்றால் 10 + 40 = 50. எனவே க எல்லாப் பொட்டலங்களையும் ச-விடமே தரும். இனி த-வைப் பாருங்கள். அதற்கும் ப-வுக்கும் நேர்க்கோடு உண்டு. ஆனால் செலவு 40. க, ச வழியே சுற்றிச் சென்றால் 10 + 10 + 10 = 30. ஆகவே த தன் பொட்டலங்களை க-விடம் தரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சொல்லாமல் போனால்

இப்போது ச-வைப் பழுதுபார்க்க வேண்டும். அதற்காகப் பொறியாளர் ஒருவர் ச-வில் நெறிமுறையை நிறுத்தும் கட்டளையைத் தட்டுகிறார். ஒரே வரி; ஒரே நொடி. அந்தக் கணமே, நெறிமுறை கற்றுத்தந்த வழிகளெல்லாம் ச-வின் பட்டியலிலிருந்து அழிந்துவிடும். மருத்துவமனை எந்தப் பக்கம் என்பதே அதற்கு இப்போது தெரியாது. ஆனால் க-வுக்கு இச்செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அது ச-வை நம்பிப் பொட்டலங்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ச அவற்றை வாங்கி வாங்கிக் குப்பையில் போடுகிறது. வலையமைப்புப் பொறியாளர்கள் இதைக் கருந்துளை என்பர். உள்ளே போனது திரும்புவதில்லை.

எவ்வளவு நேரம் இந்நிலை நீடிக்கும்? ச விடைபெறும் செய்தியை அனுப்பிவிட்டு நின்றால் சிறிது நேரந்தான். வடமே அறுந்தாலும் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். ஆனால் வடம் நலமாக இருக்க, நெறிமுறை மட்டும் ஓசையின்றி நின்றுபோனால்? ஓ.எஸ்.பி.எஃப். திசைவிகள் வழக்கமாக 10 நொடிக்கு ஒருமுறை "வணக்கம், நான் இருக்கிறேன்" என்று அண்டையாருக்குச் சொல்லும். நான்கு வணக்கங்கள் வராமற்போய் 40 நொடி கடந்த பின்னரே அண்டைத் திசைவி, "இவர் போய்விட்டார்" என்று முடிவு செய்யும்.

நாற்பது நொடிதானே என்று எண்ண வேண்டா. நொடிக்கு 10 கிகாபிட் செல்லும் வடம் நிறைந்து ஓடுவதாகக் கொண்டால், 40 நொடியில் 400 கிகாபிட். எட்டால் வகுக்க, 50 கிகாபைட். அத்தனையும் கருந்துளைக்குள்!

இன்னொரு விபத்தும் உண்டு. ச போய்விட்ட செய்தி க-வுக்கு முதலில் எட்டியது. த-வுக்கு இன்னும் எட்டவில்லை என்று கொள்வோம். க உடனே கணக்கிட்டு, "இனி த-வின் வழியே" என்று பொட்டலத்தை த-விடம் தரும். த-வோ பழைய கணக்கின்படி, "மருத்துவமனைக்கா? அது க-வின் பக்கம்" என்று அதே பொட்டலத்தை க-விடமே திருப்பித் தரும். க மீண்டும் த-விடம். த மீண்டும் க-விடம். இருவர் பந்தடித்து விளையாடுவது போல! இதற்குச் சுழல் என்று பெயர். பொட்டலம் முடிவின்றிச் சுழலாதிருக்க, அதன் முகப்பில் ஓர் ஆயுள் எண் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு திசைவியும் அதில் ஒன்றைக் குறைக்கும். சுழியானதும் பொட்டலம் ஒழிக்கப்படும். இந்த எண் 255ஐத் தாண்ட முடியாது.

சொல்லிவிட்டுப் போகும் முறை

அப்படியானால் ச-வை எப்படி நிறுத்துவது? மின்காந்தத்துக்குச் செய்ததையே செய்ய வேண்டும். முதலில் ஓட்டத்தைச் சுழிக்குக் கொண்டுவருவது. பிறகு சாவியைத் திறப்பது.

இதற்கு அழகான ஓர் உபாயம் இருக்கிறது. ச தன்னை நிறுத்திக்கொள்வதில்லை. "என் வழியே செல்லலாம், ஆனால் செலவு 65,535" என்று அறிவிக்கிறது! ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறையில் செலவை எழுத ஒதுக்கிய இடம் 16 பிட். இரண்டின் 16ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது 65,535. அதாவது, எழுதத்தக்க மிகப் பெரிய எண். அறிவிப்பைக் கேட்டதும் க மீண்டும் கணக்கிடும். ச-வின் வழியே 10 + 65,535 = 65,545. த-வின் வழியே 50. க மறுபேச்சின்றி த-வின் பக்கம் திரும்பிவிடும். த-வும் கணக்கிட்டு, 40 செலவுள்ள தன் நேர்ப்பாதையை எடுத்துக்கொள்ளும்.

இதிலுள்ள நயத்தைக் கவனியுங்கள். செய்தி பரவிக்கொண்டிருக்கும் நேரத்திலும் ச தன் பட்டியலை அழிக்கவில்லை. பழைய நம்பிக்கையில் வந்துசேரும் பொட்டலங்களை முன்போலவே மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. கருந்துளை இல்லை. க-வும் த-வும் வெவ்வேறு கணத்தில் செய்தியறிந்தால் சுழல் மட்டும் நொடியின் ஒரு பகுதிக்குத் தலைகாட்டக்கூடும். பொறியாளர் இப்போது ச-வின் வழியே செல்லும் போக்குவரத்தின் அளவைக் கண்காணிப்பார். அது ஏறத்தாழச் சுழியானதும் நெறிமுறையை நிறுத்துவார்.

இம்முறை 2001இல் ஆவணமாக வெளியிடப்பட்டது. நிறுவனங்களுக்கிடையே வழிகளை அறிவிக்கப் பயன்படும் பி.ஜி.பி. என்னும் நெறிமுறைக்கும் 2018இல் இத்தகைய விடைபெறும் முறை ஒன்று வரையறுக்கப்பட்டது. நிறுத்தப்படப்போகும் திசைவி தன் வழிகளின்மீது ஓர் அடையாளத்தைப் பொறித்து அனுப்பும். அண்டையார் அதைக் கண்டு, அவ்வழிகளைக் கடைசி விருப்பமாக ஒதுக்கி, வேறு வழி தேடிக்கொள்வர்.

வருவதற்கும் முறை உண்டு

நிறுத்துவதில் மட்டுமன்று, தொடங்குவதிலும் இடர் உண்டு. பழுதுபார்த்த ச மீண்டும் எழுகிறது. ஓ.எஸ்.பி.எஃப். சில நொடிகளில் அண்டையாரோடு பேசி, "நான் வந்துவிட்டேன், செலவு 10தான்" என்று அறிவித்துவிடும். ஆனால் அதே திசைவி வெளியுலக வழிகளை பி.ஜி.பி. மூலம் கற்க வேண்டியிருக்கலாம். இணையத்தின் முழுப் பட்டியலில் இன்று ஏறத்தாழப் பத்து இலட்சம் வழிகள் உள்ளன. அத்தனையும் வந்துசேரச் சில நிமிடங்கள் ஆகலாம். அதற்குள் அண்டையார் பொட்டலங்களை அனுப்பத் தொடங்கினால், மீண்டும் கருந்துளைதான்! ஆகவே, விழித்தெழும் திசைவி தன் பாடத்தைக் கற்று முடிக்கும்வரை 65,535 என்றே சொல்லிக்கொண்டிருக்குமாறு அமைப்பது வழக்கம். கற்றபின் உண்மையான செலவைச் சொல்லும்.

போவதற்கும் வருவதற்கும் விதி ஒன்றே என்பது இப்போது விளங்கும். பொட்டலத்தைக் கொண்டு சேர்க்க முடியாத திசைவி, "என்னிடம் தா" என்று சொல்லக் கூடாது. சொல்லும் நிலையும் உண்மை நிலையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கனடாவில் ஒரு வெள்ளிக்கிழமை

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை. கனடாவின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களுள் ஒன்றான ராஜர்ஸ், தன் மைய வலையமைப்பை மேம்படுத்தும் பணியில் ஈடுபட்டிருந்தது. ஏழு கட்டங்களாகப் பிரித்த பணியில் அன்று ஆறாவது கட்டம். அதிகாலையில் பொறியாளர்கள் ஒரு திசைவியிலிருந்து வடிகட்டி ஒன்றை நீக்கினர். எத்தனை வழிகளை உள்ளே விடலாம் என்று கட்டுப்படுத்திக்கொண்டிருந்தது அந்த வடிகட்டிதான். அது போனதும் வழி அறிவிப்புகள் வெள்ளம்போல் மையத் திசைவிகளுக்குள் பாய்ந்தன. தாங்கும் அளவை மீறிய அத்திசைவிகள் சில நிமிடங்களில் செயலிழந்தன.

ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் சேவை நின்றது. கைப்பேசி இல்லை, இணையம் இல்லை. கடைகளில் அட்டையைக் கொடுத்துப் பணம் செலுத்தும் இன்டராக் சேவையும் நின்றது. எல்லாவற்றிலும் கொடியது, காவல்துறைக்கும் தீயணைப்புக்கும் மருத்துவ உதவிக்கும் உரிய 911 என்ற எண்ணைப் பலரால் அழைக்க முடியாமற்போனதுதான்.

இங்கே ஒரு வியப்பு. கைப்பேசி தன் நிறுவனத்தின் அலை கிடைக்காவிட்டால், அவசர அழைப்பை வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியே செலுத்தக்கூடியது. அன்று ஏன் அவ்வாறு நிகழவில்லை? ராஜர்ஸ் நிறுவனத்தின் கோபுரங்கள் உயிரோடு இருந்தன! மையம் செத்துக் கிடந்தது. கோபுரங்களோ, "நான் இருக்கிறேன்" என்று அலைபரப்பிக்கொண்டே இருந்தன. கைப்பேசிகள் அதை நம்பி, அக்கோபுரங்களையே பற்றிக்கொண்டு நின்றன. நாம் பென்சிலால் வரைந்த கருந்துளை, ஒரு நாட்டளவில்! பொட்டலங்களுக்குப் பதிலாக, உதவி கேட்டு அழைத்த குரல்கள் அதில் விழுந்தன.

பின்னர் நடந்த ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. அம்மேம்பாட்டுப் பணியை முதலில் 'மிகுந்த இடருள்ளது' என்று குறித்திருந்தனர். முந்தைய கட்டங்கள் நன்றாக முடிந்ததால், இடர் குறைவு என்று மாற்றிவிட்டனர். ஐந்து முறை நாணயத்தில் தலை விழுந்தது என்பதால் ஆறாம் முறையும் தலைதான் என்று எண்ணலாமா? நிகழ்தகவு படித்த உங்களுக்கு விடை தெரியும்.

அமர்ந்திருக்கும் கிளை

பிழையைக் கண்டதும் திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். திருத்த முடியவில்லை. பொறியாளர்கள் திசைவிகளை அணுகப் பயன்படுத்திய மேலாண்மை வலையமைப்பும் அதே மையத்தைச் சார்ந்திருந்தது. மையம் விழுந்ததும் இதுவும் விழுந்தது. அவர்கள் தம்முள் பேசிக்கொள்ளக் கைப்பேசியும் இல்லை. ஏனெனில் அவையும் அந்நிறுவனத்தின் கைப்பேசிகளே! வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளைத் தொலைவிலிருந்த பணியாளர்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. காரணத்தைக் கண்டறியவே 14 மணி நேரம் ஆனது. சேவை முழுதும் மீள ஒரு நாளுக்கு மேலாயிற்று.

இதற்கு முந்தைய ஆண்டு, 2021 அக்டோபர் 4 அன்று, ஃபேஸ்புக் நிறுவனத்துக்கும் இதுவே நேர்ந்தது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அதன் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பு முழுவதையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய மென்பொருளிலும் ஒரு பிழை இருந்ததால், அது தடுக்கவில்லை. தொலைவிலிருந்து திருத்த வழியில்லாமல் பொறியாளர்களை நேரே அனுப்பினர். பாதுகாப்புக்காக யாரும் எளிதில் நுழைய முடியாதபடி அமைத்த கட்டடங்களில் அவர்கள் நுழையவே நேரமாயிற்று.

அமர்ந்திருக்கும் கிளையையே வெட்டியவன் கதை நாம் அறிந்ததுதான். வலையமைப்புப் பணியில் இது பெருங்கவலை. ஆகவே அனுபவமுள்ள பொறியாளர்கள் இரண்டு காப்புகளை வைத்துக்கொள்வர்.

முதலாவது, திசைவியை அணுகத் தனி வழி. எந்த வலையமைப்பைத் திருத்துகிறோமோ, அதைச் சாராத இணைப்பாக அது இருக்க வேண்டும்.

இரண்டாவது, தானே பின்வாங்கும் கட்டளை. ஜூனிபர் நிறுவனத்தின் திசைவிகளில் இத்தகைய வசதி ஒன்று உண்டு. மாற்றத்தைச் செய்தபின் குறித்த நேரத்துக்குள், வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள், பொறியாளர் "சரி" என்று உறுதிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் திசைவி பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். மாற்றம் தவறாகி, பொறியாளரின் தொடர்பே அறுந்துபோனால் அவரால் உறுதிசெய்ய முடியாது. அந்த மௌனமே மீட்புக்குக் கட்டளை ஆகிவிடுகிறது!

கனடாவும் பாடம் கற்றது. ஒரு நிறுவனத்தின் வலையமைப்பு விழுந்தால் மற்றவை கைகொடுக்கும் வகையில், 2022 செப்டம்பரில் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம்முள் ஓர் உடன்பாடு செய்துகொண்டன.

மீண்டும் மின்காந்தம்

ஃபேஸ்புக் கதையில் ஒரு பகுதி மிச்சமிருக்கிறது. முதுகெலும்பு வலையமைப்பு மீண்டதும், நின்றுபோன சேவைகளையெல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கிவிடவில்லை. காரணம் இயற்பியல்! சேவை நின்றபோது தரவு மையங்களின் மின்நுகர்வு ஒவ்வோரிடத்திலும் பத்துக்கணக்கான மெகாவாட் குறைந்திருந்தது. அத்தனை சுமையையும் ஒரே கணத்தில் திரும்ப ஏற்றினால் மின்னமைப்பே பழுதாகக்கூடும். ஆகவே சுமையைப் படிப்படியாகக் கூட்டினர். ஆய்வகத்தில் நாங்கள் மின்காந்தத்தின் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது போலவே.

மாணவர்களே! நீங்கள் வரைந்த படத்துக்கு ஒரு கேள்வியோடு முடிக்கிறேன். ச-வை முறைப்படி நிறுத்தியாயிற்று. இப்போது த-வையும் பழுதுபார்க்க வேண்டும் என்கிறார் ஒருவர். த-வும் 65,535 என்று அறிவித்தால் க என்ன செய்யும்? மருத்துவமனையின் கதி என்ன? கணக்கிட்டுப் பாருங்கள். விடை கிடைத்ததும், த-வைத் தொடுமுன் எதைச் செய்து முடிக்க வேண்டும் என்பதும் உங்களுக்கே புலப்படும்.